ஓவியம் எதனோடு ஒவ்வுகின்றது?

(திருமுக்கூடலில் நிகழ்ந்த கலைப் பொழிவின் எழுத்து வடிவம்)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் இது. அதனாலேயே இவ்வூர் திருமுக்கூடல் என்று பெயர் பெற்றது. பாலாறு கன்னட நாட்டு நந்தி மலையிற் பிறந்து வருகின்றது. செய்யாறு சவ்வாது மலையினின்று இறங்கி வருகின்றது. வேகவதி காஞ்சி மாநகரைத் தழுவி வருகின்றது. கூடிய பின்னர், இத்துளி இந்த ஆற்றினது என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. ஆயினும் கூடுமுன் ஒவ்வோர் ஆற்றிற்கும் ஊற்று வேறு, வழி வேறு, நீரின் சுவை வேறு. ஊற்றை அறிந்தவனுக்கே கூடலின் அருமை தெரியும்.

இற்றை நாள் ஓவிய உலகிலும் இத்தகைய முக்கூடல் ஒன்று நிகழ்ந்து வருகின்றது. பழைய மரபு ஓர் ஆறு. உலக ஓவிய வரலாறு மற்றோர் ஆறு. திரைப்படம், படக்கதை, விளம்பரத் தட்டி, நாட்காட்டி எனப் பொதுமக்கள் அன்றாடம் கண்டு மகிழும் காட்சிகள் மூன்றாவது ஆறு. இம் மூன்றையும் ஒரே திரைச்சீலையிற் கலந்து எழுதும் ஓவியர் எல்லா நாடுகளிலும் தோன்றியுள்ளனர், தமிழ்நாட்டிலும் தோன்றியுள்ளனர். இக் கலப்பு நன்றா, தீதா என்று பலர் கேட்கின்றனர். அக் கேள்வி அரைகுறையானது. கலப்பவன் தான் கலப்பது இன்னதென்று அறிந்து கலக்கின்றானா என்பதே முழுமையான கேள்வி.

சொல்லிலிருந்தே தொடங்குக

தமிழிற் கலையைப் பற்றி எண்ணப் புகுவார் முதலில் சொல்லை எண்ணுதல் நன்று. ஒவ்வு என்னும் வினையினின்று ஓவம், ஓவியம் என்னும் சொற்கள் பிறந்தன என்பர் சொல்லாய்வாளர். ஒவ்வுதலாவது ஒத்தல், பொருந்துதல். ஒன்றனோடு ஒத்திருப்பது எதுவோ அதுவே ஓவியம். எழுதுதல் என்னும் சொல்லையும் நோக்குக. எழுத்தை வரைவதும் எழுதுதல். ஓவியம் தீட்டுவதும் எழுதுதல். கண்ணில் மையிடுவதும், மகளிர் தோளில் தொய்யிற் கோலம் வரைவதும் எழுதுதலே. படிப்பார்க்கு ஏடு எப்படியோ அப்படியே காண்பார்க்குப் படம் என்று தமிழ் மாந்தர் கருதியிருந்தனர் என்பதை இவ்வொரு சொல்லே காட்டிவிடும்.

எனவே எந்த ஓவியத்தைக் கண்டாலும் தமிழன் கேட்க வேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு. இஃது எதனோடு ஒவ்வுகின்றது? மெய்யோடு ஒவ்வுகின்றதா, வேறொரு படத்தோடு ஒவ்வுகின்றதா? அவ்வேறு படம் எங்கிருந்து வந்தது? இக் கேள்வியைத் தமிழர் ஒரு நூற்றாண்டுக் காலம் கேளாது விட்டனர். அதன் விளைவு சிறிதன்று.

பொதுமக்கள் ஓவியம் புதியதன்று

ஓவியம் உயர்ந்தோர்க்கு உரியது, பொதுமக்கள் படம் தாழ்ந்தது என்னும் பிரிவு தமிழ் மண்ணில் விளைந்த பிரிவன்று. பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைப் பரிபாடல் காட்டுகின்றது. குன்றின்மேல் ஏறி வந்த ஆடவரும் மகளிரும் அங்கே எழுதியிருந்த உருவங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என்று ஒருவரை ஒருவர் வினவுகின்றனர், அறிந்தவர் விடையிறுக்கின்றனர். அவர்கள் கண்ட படங்களிற் காமனும் இருந்தான், இரதியும் இருந்தாள், அகலிகையின் கதையும் இருந்தது. வழிபட வந்த கூட்டம் வழிபாட்டோடு ஓவியக் கூடத்தையும் கண்டு பேசி மகிழ்ந்தது. அது பொதுமக்கள் கலை அன்றேல் வேறு எது பொதுமக்கள் கலை?

நெடுநல்வாடையிற் கட்டிலின் மேற்கட்டியிலே திங்களும் உரோகிணியும் எழுதப்பட்டிருந்ததைக் காண்கின்றோர், அரண்மனையிலும் ஓவியம் கதை சொன்னதை அறிவர். ஊர்ப்புறத்து நடுகல்லோ, கோட்டை காத்தும் ஆநிரை மீட்டும் மாய்ந்த மறவனின் உருவையும் பெயரையும் ஒரே கல்லில் வைத்தது. படமும் எழுத்தும் இணைந்த அவ் வடிவத்தை இற்றைப் படக்கதையின் மூதாதை என்று சொன்னாலும் தவறன்று. எனவே மரபையும் மக்கட் காட்சியையும் இணைப்பது மேலையார் கற்பித்த புதுமை என்று மயங்க வேண்டுவதில்லை.

அரசன் எவ்வாறு சட்டையணிந்தான்?

கண்ணை மூடிக்கொண்டு சோழன் ஒருவனை நினைக்கச் சொன்னால், தமிழர் பெரும்பாலார் உள்ளத்தில் எழும் உருவம் யாது? சரிகை பின்னிய வெல்வெட்டுச் சட்டை, முழங்கால்வரை இறுகிய காற்சட்டை, தோளிலிருந்து பின்னே தொங்கும் பட்டு மேலங்கி, கூர்முனைக் காலணி, கண்ணாடிக் கற்கள் பதித்த பொன்வண்ண முடி. இவ்வுருவம் எதனோடு ஒவ்வுகின்றது? சோழனோடு அன்று, நாடக மேடையோடு ஒவ்வுகின்றது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பார்சி நாடகக் குழுவினர் பம்பாயிலிருந்து ஊரூராகச் சென்று நாடகம் நிகழ்த்தினர். அவர்கள் கொணர்ந்த பளபளப்பான உடையும் வண்ணத் திரைகளும் இந்திய நாட்டு மேடைகளை எல்லாம் மயக்கின. தமிழ் நாடகக் குழுவினரும் அவ்வொப்பனையைத் தழுவினர். மின்னொளி வாராத காலத்து விளக்கின் முன் மின்னுதற்கு அவ்வுடை ஏற்றதாயிருந்தது, அவ்வளவே கரணியம். வரலாறு அங்கே கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்க்கு எழவில்லை.

அதே காலத்தில் திருவிதாங்கூரைச் சார்ந்த இரவிவர்மர் (1848-1906) மேலை நாட்டு எண்ணெய் வண்ண முறையில் தொன்மக் கதைகளை எழுதிப் புகழ் பெற்றார். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் நிறுவியபின் அப்படங்கள் குறைந்த விலைத் தாள்களாகி வீடுதோறும் புகுந்தன. கோயிலுக்குள் நுழையவொட்டாது தடுக்கப்பட்ட மக்களின் குடிசைக்குள்ளும் கடவுட் படம் வந்தது அவ்வச்சினால் விளைந்த நன்மை; அதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அப்படங்களிலே கலைமகளும் திருமகளும் மராட்டிய முறையிற் சேலையுடுத்து, மேலை ஓவியத்தின் ஒளிநிழலில் நின்றனர். அவ்வுருவமே தொன்றுதொட்ட உருவம் என்று அடுத்த தலைமுறை நம்பலாயிற்று.

தமிழ்நாட்டில் அப்பணியைத் தொடர்ந்தவர் கொண்டையராசு (1898-1976). சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றவர்; நாடகக் குழுவொன்றிற்குத் திரைச்சீலை எழுதியவர்; பின்னர்க் கோவிற்பட்டியில் தங்கி மாணவர் குழுவொன்றை உருவாக்கியவர். அவரும் அவர் மாணவரும் எழுதிய படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாய்த் தமிழகச் சுவர்களை நிறைத்தன. அவர் கைத்திறன் ஐயமின்றிப் பெரிது. ஆயினும் மேடைத் திரையின் மாடமும் தூணும் தோட்டமும் மேகமும் அப்படங்களிலே வந்து அமர்ந்தன. மேடையிலிருந்து நாட்காட்டிக்கு; நாட்காட்டியிலிருந்து திரைப்படத்திற்கு; திரைப்படத்திலிருந்து நெடுஞ்சாலைத் தட்டிக்கு; தட்டியிலிருந்து பள்ளிப் பாடநூலின் படத்திற்கு. இவ்வாறு ஒரு பொய்யுருவம் படிப்படியாய் ஏறி வரலாற்றின் இருக்கையில் அமர்ந்துகொண்டது.

1959இல் வீரபாண்டிய கட்டபொம்மனும் 1973இல் இராசராச சோழனும் திரைப்படங்களாயின. இரண்டிலும் சிவாசி கணேசனே அரசனாக நடித்தார். அவர் நடிப்பாற்றல் மக்களை ஆட்கொண்டது. அதனாலேயே நடிகர் முகம் மன்னர் முகமாயிற்று. பகைவர் எவரும் திட்டமிட்டுச் செய்த இழிவன்று இது. தமிழரே விரும்பிக் கைதட்டித் தம் முன்னோர்க்கு அயல் உடை அணிவித்துக்கொண்டனர். ஆகவே பிறரைச் சினந்து பயனில்லை. தம் கண்ணைக் கழுவிக்கொள்ளுதலே வழி.

சுவர்கள் சொல்லும் சான்று

மெய்யுருவம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்க்கு விடை தொலைவில் இல்லை. இம் முக்கூடலினின்று ஒரு முற்பகலிற் சென்று சேரத்தக்க காஞ்சியிலே கயிலாயநாதர் கோயில் இருக்கின்றது. பல்லவன் இராசசிம்மன் காலத்தில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகட்கு முன் எழுந்த கோயில் அது. அதன் திருச்சுற்றில் உள்ள சிற்றறைகளின் சுவர்களில், பிற்காலத்துச் சுண்ணப் பூச்சின் அடியிற் பழைய வண்ணக் கோடுகள் மறைந்திருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ராய் கண்டறிந்து வெளிப்படுத்தினார். இன்று எஞ்சியிருப்பவை துண்டுகளே. ஆயினும் ஒரு விழியின் வளைவும் ஒரு விரலின் மடிப்பும் போதும், அக் கை எத்தகைய கை என்று அறிவதற்கு. அப் பல்லவர் குலத்தில் முன்தோன்றிய மகேந்திரனுக்குச் சித்திரகாரப்புலி என்பதே ஒரு பட்டம். நாடாண்ட மன்னன் ஓவியரிற் புலி என்று அழைக்கப்படுவதைப் பெருமையாய்க் கொண்ட நாடு இது.

அதே 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி கருவறையைச் சூழ்ந்த இருண்ட நடைவழியுள் விளக்கேந்திச் சென்று, நாயக்கர் காலத்து ஓவியப் படலத்தின் அடியிற் சோழர் காலத்து ஓவியம் உறங்குவதைக் கண்டார். சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலை நோக்கிச் செல்லும் காட்சி அங்கே இருக்கின்றது. முப்புரம் எரித்த காட்சி இருக்கின்றது. ஆடல் மகளிர் இருக்கின்றனர். தில்லைக் கூத்தனை வழிபடும் அரச மாந்தரும் இருக்கின்றனர். அவர்தம் தோற்றத்தை உற்று நோக்குக. வெல்வெட்டுச் சட்டை எங்கே? மேலங்கி எங்கே? மார்பு திறந்தது, மேனியில் அணிகலன், தலையில் அள்ளி முடிந்த கொண்டை, இடையில் மெல்லிய ஆடை. அவ்வெளிமையிலேதான் அவர்தம் ஏறு போன்ற பெருமிதம் இருக்கின்றது. வெயிலும் வியர்வையும் உடைய நாட்டில் வாழ்ந்தவர் அவ்வாறன்றி வேறு எவ்வாறு இருத்தல் இயலும்?

சான்று கருவறைக்கு அருகே இருட்டில் இருந்தது; பொய் வெயிலில் நாற்சந்தியில் நின்றது. மக்கள் நாற்சந்தியில் நின்றதை நம்பினர்.

அறிந்து கலந்தோர்

இருட்டிலிருந்த சான்றை வெளிச்சத்திற்குக் கொணர்ந்து மக்கட் படத்தோடு கலந்த ஓவியர் சிலரை நன்றியோடு நினைத்தல் வேண்டும். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராய் வந்தபோது அதற்கு ஓவியம் எழுதியவர் மணியம் (1924-1968). அவர் அசந்தாவுக்கும் இலங்கைக்கும் எழுத்தாளரோடு சென்று, சுவரோவியத்தையும் சிற்பத்தையும் கண்ணாரக் கண்டு வந்தவர். கிழமை இதழின் மெல்லிய தாளிலே, பேருந்திலும் திண்ணையிலும் படிக்கப்பட்ட தாளிலே, கோயிற் சிற்பத்தின் கொண்டையும் அணியும் இடம்பெற்றன. ஆனந்த விகடனிற் சில்பி (1919-1983) தென்னாட்டுச் செல்வங்கள் என்னும் தொடரிற் கோயிற் சிற்பங்களை நேரில் இருந்து கோட்டோவியமாக்கினார். கோயிலுக்கு வர இயலாதவர் கையில் கோயிலே போய்ச் சேர்ந்தது.

கே. எம். ஆதிமூலம் (1938-2008) திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரிற் பிறந்து சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்றவர். அவர் எழுதிய அரசர் வரிசையில் அணிகலனும் ஆடம்பரமும் கோடுகளாய்ச் சிதைந்து, அதிகாரம் என்பதன் வெறுமை தெரியும். உலக ஓவியத்தின் புத்தறிவும் தமிழ்ச் சிற்பத்தின் கோடும் அவரிடம் கூடின. அவரே தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து கொடுத்தார். எழுதுதல் என்னும் சொல்லின் இருபொருளையும் அவர் கை மீண்டும் ஒன்றாக்கிற்று என்பது மிகையன்று.

இப்பொருளை நேர்நின்று எதிர்கொண்டவர் ஓவியர் டிராட்சுகி மருது. 1953இல் மதுரையிற் பிறந்தவர். சென்னைக் கலைக் கல்லூரியிற் பயின்றவர். படக்கதை, திரைப்படம், அசைவூட்டம், கணிப்பொறி ஓவியம் ஆகிய நான்கிலும் தோய்ந்தவர். தமிழ் மன்னர் உருவங்கள் நாடக மேடையின் சாயலினின்று மீட்கப்படல் வேண்டும் என்று பல்லாண்டாகப் பேசியும் எழுதியும் வருபவர். வாளோர் ஆடும் அமலை என்னும் அவரது ஓவிய நூல் அம் முயற்சியின் பழம். அந்நூலின் தலைப்பே தொல்காப்பியப் புறத்திணையினின்று எடுக்கப்பட்டது. அதில் வரும் மறவன் சிற்பத்தையும் நடுகல்லையும் ஒத்த மேனியன். ஆனால் அவன் பாய்கின்ற பாய்ச்சல் படக்கதையின் பாய்ச்சல். காட்சியின் கோணம் திரைப்படத்தின் கோணம். மக்கட் கலையை அவர் விலக்கவில்லை. அதன் விரைவை எடுத்துக்கொண்டு, அதன் பொய்யை மட்டும் விலக்கினார். கலத்தலின் முறை இதுவே.

திருவள்ளுவர் படத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். வள்ளுவரைக் கண்டு எழுதிய ஓவியம் ஏதுமில்லை. வேணுகோபால சர்மா என்னும் ஓவியர் நெடுநாள் எண்ணி எழுதிய உருவமே 1964இல் சட்டமன்றத்தில் அந்நாள் குடியரசுத் துணைத்தலைவர் சாகீர் உசேனால் திறந்து வைக்கப்பட்டது. அறிஞர் அண்ணா முதல்வரான பின்னர் அது அரசு அலுவலகங்கள் எங்கும் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டு முதல்நாள் குமரிமுனையில் 133 அடி உயரத்திற் கணபதிச் சிற்பி கல்லில் நிறுத்திய வள்ளுவரோ வேறு வடிவினர். இரண்டும் கற்பனையே. ஆயினும் எவரும் அவற்றைப் பொய்யென்று பழிப்பதில்லை. ஏனெனில் ஒவ்வோர் உறுப்பையும் எண்ணி, கரணியம் கண்டு எழுதினர். கற்பனை குற்றமன்று, எண்ணாமை குற்றம். கற்பனையைச் சான்றென்று சொல்லி விற்பது அதனினும் பெருங் குற்றம்.

உலகம் செய்வது என்ன?

அமெரிக்காவில் ஆண்டி வார்கோல் 1962இல், கடையில் விற்கும் சாற்றுத் தகரக் குவளைகளை வரிசையாய் எழுதி ஓவியமென்று காட்டினார். பொதுமக்கள் கண்ட பொருளே கலைக்குப் பொருளாயிற்று. சப்பானில் தக்காசி முரகாமி, தம் நாட்டுப் பழைய ஓவியத்தின் தட்டைத் தன்மையே இற்றைப் படக்கதையிலும் அசைவூட்டத்திலும் தொடர்கின்றது என்று கண்டு, இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினார். மேலை நாட்டு நிழல்முறையை அவர் கடன்கேட்டு நிற்கவில்லை; தம் வீட்டு முற்றத்திலேயே இருந்ததைக் கண்டெடுத்தார்.

இங்கிலாந்தில் வாழும் சீக்கிய இரட்டையரான அம்ரித் கவுர், இரவீந்திர கவுர் என்னும் சிங் உடன்பிறந்தாளரின் செய்தி தமிழர்க்கு இன்னும் நெருக்கமானது. முகலாயர், பகாரி நாட்டார் வளர்த்த நுண்ணோவிய முறையில் அவர்கள் எழுத விரும்பியபோது, அது பழமை, காலத்திற்கு ஒவ்வாதது, மேலை ஓவியரைப் பின்பற்றுக என்று கல்லூரியில் அறிவுறுத்தப்பட்டது. அவர்கள் பணியவில்லை. அந்நுண்ணோவிய முறையிலேயே காற்பந்து ஆட்டத்தையும் விளம்பரப் பொருள்களையும் திருமண வீட்டையும் இற்றை அரசியலையும் எழுதினர். பழைய முறை புதிய வாழ்வைச் சொல்ல வல்லது என்பதை எழுதியே மெய்ப்பித்தனர். தாய்மொழியில் அறிவியலைச் சொல்ல இயலாது என்று கூறியவர்க்குத் தமிழர் சொல்லிய விடையும் இதுதான் அன்றோ? முறை பழையது என்பதால் ஆற்றல் குறைவதில்லை; கையாளும் உள்ளம் குறைந்தாலே குறையும்.

இன்றைய இடர்

திரைப்படத் தட்டிகளைக் கையால் எழுதிய ஓவியர் ஒரு காலத்தில் சென்னை அண்ணா சாலையை ஆண்டனர். பனைமரம் போன்ற உயரத்தில், கட்டம் கட்டமாய்ப் பிரித்து, ஏணியில் நின்று முகம் எழுதும் அத்திறம் எளிதன்று. நெகிழிப் பதாகைகள் வந்தபின் அவர்கள் தொழில் இழந்தனர். 2009ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி தன் பெருஞ்சாலைச் சுவர்களிற் சுவரொட்டிகளை விலக்கித் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை எழுதச் செய்தபோது, அவருட் பலர்க்கு மீண்டும் தூரிகை பிடிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. திரைப்படக் கை மரபை எழுதிற்று. 2020இல் கண்ணகி நகரின் அடுக்குக் குடியிருப்புச் சுவர்கள் முழுதும் பெரும்படங்கள் எழுந்தன. நகரின் நடுவிலிருந்து அகற்றிக் குடியமர்த்தப்பட்ட உழைக்கும் மக்களின் முகம், அரசர் முகத்திற்கு ஒதுக்கப்படும் உயரத்தில் நின்றது.

இவை நல்ல அடையாளங்கள். ஆனால் இடரும் வளர்ந்துள்ளது. இன்று சொற்களைத் தட்டினாற் கணிப்பொறி நொடியிற் படம் தருகின்றது. சோழன் என்று கேட்டால் அது எதைத் தரும்? தான் கண்ட படங்களையெல்லாம் அரைத்துக் குழைத்துத் தரும். அது கண்டவற்றில் தஞ்சைச் சுவர் ஒரு பங்கு என்றால், நாடகமும் நாட்காட்டியும் திரைப்படமும் வடநாட்டு அரண்மனையும் ஆயிரம் பங்கு. பொறிக்கு ஊற்றுத் தெரியாது. கூடல் மட்டுமே தெரியும். ஆகவே முன்பு ஒரு தலைமுறைக் காலத்திற் பரவிய பொய் இனி ஒரே நாளிற் பரவும். அப்படத்தையே ஊர்த் திருவிழாப் பதாகையிலும் மணவிழா அழைப்பிதழிலும் அச்சிட்டுப் பெருமை கொள்வோர் பெருகி வருகின்றனர்.

அதே கணிப்பொறி அறிந்தவர் கையில் வேறொன்றும் செய்துள்ளது. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை இடுகாட்டிற் கிடைத்த இரண்டு ஆடவர் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் பல்கலைக்கழகம் ஒன்றின் முகவரைவு ஆய்வகத்தாரும் இணைந்து முகங்களை மீட்டுருவாக்கி, 2025இல் வெளியிட்டனர். எலும்பு சொல்வதை எலும்பிலிருந்தும், எலும்பு சொல்லாத நிறம் முதலியவற்றைக் கருதலிலிருந்தும் அமைத்தனர். கருவி ஒன்றே. ஒன்று சான்றினின்று தொடங்கிற்று. மற்றொன்று மயக்கத்தினின்று தொடங்கிற்று.

முக்கூடலின் கல் காத்திருக்கின்றது

இனி இவ்வூர்க் கல்லிடம் வருக. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்து நெடுங் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் மன்னன் வென்ற போர்கள் சொல்லப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து வேறொரு செய்தியும் சொல்லப்படுகின்றது. வீரசோழன் என்னும் பெயரால் இங்கே ஓர் ஆதுலர்சாலை நடந்தது. நோயாளிகட்குப் 15 கட்டில்கள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து அடுவோர் இருவர், நோயாளியைப் பேணும் மகளிர் இருவர் இருந்தனர். நாவிதரும் இருந்தார். ஆண்டு முழுமைக்கும் சேமித்து வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பட்டியலும் உண்டு. இரவெல்லாம் விளக்கெரிய எண்ணெய்க்கும் ஒதுக்கீடு செய்யப்பட்டது. அவரவர்க்குரிய நெல்லும் காசும் கல்லில் வரையறுக்கப்பட்டன.

வாள் சுழற்றும் சோழனைத் தாங்கிய நாட்காட்டிகள் எத்தனையோ! நோயாளிக்குக் கட்டிலிட்ட சோழனை நாட்காட்டியிற் கண்டவர் யார்? நள்ளிரவில் விளக்கின் ஒளியிற் கஞ்சி ஊட்டும் அவ்விரு மகளிரைத் தட்டியில் எழுதியவர் யார்? அண்மையில் உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. குடத்துள் ஓலையிட்டுக் குலுக்கி, சிறுவனைக் கொண்டு எடுப்பித்த அக்காட்சியில் எத்துணை ஓவியம் இருக்கின்றது! அச் சிறுவன் கை குடத்துள் நுழையும் நொடியைத் திரைப்படக் கோணத்தில் எழுதினால், எந்தப் போர்க்காட்சி அதற்கு நிகராகும்?

இங்கே தமிழன்பர்க்கு ஒரு கடுமையான செய்தியும் உண்டு. இதே முக்கூடற் கல்வெட்டு இருக்கு, யசுர் மறைகளும் வடமொழி இலக்கணமும் கற்பித்த பள்ளியையும் சொல்கின்றது. மருத்துவர் பெயரும் மருந்துகளின் பெயர்களும் பெரும்பாலும் வடமொழிப் பெயர்களே. அவற்றை மறைத்துவிட்டு ஆதுலர்சாலையை மட்டும் எழுதினால் அப்படம் எதனோடு ஒவ்வும்? எழுதியவன் விருப்பத்தோடு ஒவ்வும்; மெய்யோடு ஒவ்வாது. அயலான் தமிழன் முன்னோர்க்கு வெல்வெட்டுச் சட்டை அணிவித்தான் என்று வருந்துகின்றவன், தன் விருப்பத்தைச் சட்டையாக்கி அம் முன்னோர்க்கு அணிவித்தல் முறையாகுமா? உள்ளதை உள்ளவாறு எழுதுக. சோழப் பேரரசு எதைப் பேணிற்று, எதைப் பேணத் தவறிற்று என்று காண்பவன் தானே அறிந்துகொள்ளட்டும். தமிழ் எத்தகைய நிலைகளைக் கடந்து இன்று வாழ்கின்றது என்பதை உண்மைப் படமே உணர்த்தும். பூசி மெழுகிய படம் உறங்க வைக்கும்.

செய்ய வேண்டுவன

ஓவியர்க்குச் சொல்ல வேண்டியது சிறிது. முதலிற் சுவர்களிடம் செல்க. காஞ்சி, பனமலை, சித்தன்னவாசல், தஞ்சை ஆகிய நான்கிடத்தும் கோட்டைக் கண்ணாற் படித்துக் கையாற் பழகுக. அடுத்து, கல்வெட்டைப் படிக்க வல்லாரோடு அமர்ந்து, ஆடை, அணி, கலம், கருவி, உணவு, தொழில் இவற்றைக் கேட்டறிக. பின்னர்ப் படக்கதையின் விரைவையும் திரைப்படத்தின் ஒளியையும் விளம்பரத்தின் தெளிவையும் அஞ்சாது கலந்து, நாற்சந்தியில் நிற்கும் எளிய மாந்தன் நின்று நோக்குமாறு எழுதுக. கண்காட்சிக் கூடத்துள் மட்டும் தொங்கும் உண்மை, பொய்யை வெல்லாது. பொய் எத்தெருவில் நிற்கின்றதோ அத்தெருவிலேயே உண்மையும் நிற்றல் வேண்டும்.

மக்கட்கும் ஒரு கடமை உண்டு. விழாப் பதாகையில் முன்னோர் படம் அச்சிடுமுன், இஃது எங்கிருந்து எடுத்தது என்று ஒரு முறை கேட்டால் அதுவே போதும். சான்று இருப்பின் படத்தின் கீழே சான்றைக் குறிக்க. கற்பனையாயின் கற்பனை என்று எழுத நாணாது எழுதுக. பள்ளிச் சிறுவன் அரசன் படம் வரைந்து கொண்டுவந்தால், முடி நன்றாயிருக்கின்றது என்று பாராட்டுவதோடு நில்லாது, தஞ்சைச் சுவரில் அரசமாந்தர் எவ்வாறு இருக்கின்றனர் என்று காட்டுக. அவன் அடுத்து வரையும் படம் வேறாயிருக்கும்.

தம் முகத்தை அறியாத மக்கள், எவன் எந்த முகமூடியை நீட்டினாலும் வாங்கி அணிந்துகொள்வர். தம் முகத்தை அறிந்த மக்களோ எந்தக் கூத்திலும் ஆடலாம், எந்தக் கலையோடும் கலக்கலாம், தம்மை இழவார். மூன்று ஆறுகளும் இங்கே கூடிய பின்னரும் பாலாறு தன் பெயரை இழக்கவில்லை. பாலாறு என்னும் பெயரோடுதான் அது கடல் சேர்கின்றது. தமிழ் ஓவியமும் உலக ஆறுகளையெல்லாம் தன்னுட் கொள்ளட்டும். தன் பெயரோடு கடல் சேரட்டும்.

எழுதுக, ஓவியரே! எதனோடு ஒவ்வுகின்றது என்று கேட்டுக்கொண்டே எழுதுக! வாழ்க தமிழ்!